சம்பந்தியின் தேநீர் உறைந்த கதை

கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேநீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல், வெறும் கதையை வாசித்தே பனிக்கட்டியாக்கிய குழு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் நானும் ஓர் உறுப்பினன். நம்ப மாட்டீர்கள், தெரியும். என் சம்பந்தியே நம்பவில்லை. இத்தனைக்கும் அந்தக் கோப்பை அவர் கையில்தான் இருந்தது.

நான் காலமெல்லாம் காப்பீடு விற்றவன். நடக்காத விபத்தை நடந்த மாதிரியே சொல்லி, கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போடும்படி செய்தவன். ஓய்வு பெற்ற மறுநாள் கேட்க ஆளில்லாமல் போயிற்று. "இனிமே புளுகையெல்லாம் பேப்பர்ல எழுதுங்க. என் காதுக்கும் ரிடையர்மென்ட் வேணும்" என்றாள் மனைவி. இப்படித்தான் ஓர் எழுத்தாளன் உருவானான்.

சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார், பால் பரிசோதனைக் கூடத்தில் அதிகாரியாக இருந்தவர். பாலை மட்டுமல்ல, பசுவையே சந்தேகப்பட்டவர். எங்கள் பேத்தி முதன்முதலாக 'அம்மா' என்றபோது வீடே துள்ளிக் குதித்தது. அவர் மட்டும், "இன்னொரு தடவை சொல்லட்டும், பார்க்கலாம்" என்றார்.

எங்கள் குழு கூடுவது ஓர் அழகுநிலையத்தில், அதன் வார விடுமுறையன்று. சுழலும் நாற்காலி, ஷாம்பூ வாசனை, சுவர் முழுக்கக் கண்ணாடி. நடத்துகிறவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கத்தரி பிடித்தால் கல்லாக நிற்கும் அவள் கை, பேனா பிடித்தால் காய்ச்சல்காரன் கை மாதிரி ஆடும். அடுத்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். இவர் கதையில் காதலர்கள்கூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காதலிப்பார்கள். அப்புறம் மருந்துக்கடை அக்கா. கதை சின்னதாக, கசப்பாக இருக்கும். ஆனால் வேலை செய்யும்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பார். மற்றவர்கள் பின்னால், ஆளுக்கொரு கோப்பை தேநீரோடு. எந்த வரியில் ஒரு கை கோப்பைக்குப் போகிறதோ, அந்த வரி செத்தது என்று அர்த்தம். வாசிக்கிறவர் அதைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பென்சிலால் கோடு போடுவார். யாரும் வாயைத் திறந்து புண்படுத்த வேண்டியதில்லை. தேநீர் முழுக்க ஆறினால் கதை தேறிவிட்டது. என் கதைகளின்போது அக்கா இரண்டாவது கோப்பை கேட்பார். மாஸ்டர் பாத்திரத்தையே கேட்டிருக்கிறார்.

ஆண்டுதோறும் ஒரு மாத இதழ் புதியவர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைக்கும். அதில் என் கதைகள் தோற்ற வேகத்தை என்னவென்று சொல்வது! ஒன்றை அனுப்பிவிட்டுத் தபால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள், அது எனக்கு முன்னால் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் போட்டி இல்லாவிட்டால் எங்களில் ஒருவரும் ஒரு கதையைக்கூட முடித்திருக்க மாட்டோம். கடைசித் தேதி என்று ஒன்று கழுத்தைப் பிடித்தால்தான் கதைக்குக் கடைசி வரி வருகிறது.

தங்கச்சி எழுதியது தன் நாற்காலியில் பார்த்ததை. ஒருவர் தன் மனைவியின் செயற்கை முடியை ஒரு பெட்டியில் கொண்டுவருகிறார். மனைவி நோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கிறாள். சொந்த முடி இன்னும் வரவில்லை. "கொஞ்சம் வளர்ந்துடுச்சாம், ஓரத்துல வெட்டிவிடச் சொன்னா" என்கிறார். அந்த முடி வளராது என்று அவருக்கும் மனைவிக்கும் தங்கச்சிக்கும் தெரியும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் தங்கச்சி அதற்கு முன்னால் ஒரு பக்கம் சூரியனை உதிக்கவைத்தாள். முடிந்த பிறகு அன்பு என்றால் என்ன என்று ஒரு பக்கம் விளக்கினாள்.

வாசித்தபோது அவள் குரல் நடுங்கியதைக் கேட்டு, நாங்கள் மூவரும் கோப்பையைத் தொடவில்லை. மாஸ்டர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். கதை போட்டிக்குப் போயிற்று. முதல் சுற்றுப் பட்டியலில்கூட வரவில்லை.

"அடுத்த வருஷம் இதையே ஒரே ஒரு தடவை அனுப்புவேன். அதோட சரி" என்றாள் தங்கச்சி.

"ஏம்மா அப்படிச் சொல்றே?" என்றார் அக்கா.

"அன்னிக்கு உங்க மூணு பேர் டீயும் ஆறி ஆடை கட்டியிருந்துச்சு. அப்போ கதையில குறை இல்ல. குறை இல்லாமலே தோத்துச்சுன்னா, குறை என்கிட்டதானே?"

கணக்கு எங்கே போய் முட்டுகிறது பாருங்கள்! மாஸ்டர் நெளிந்தார். "தங்கச்சி, திட்டாதே. அன்னிக்கு எனக்கு சூரியன் உதிக்கும்போதே தாகம்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தாள். "எனக்கு நாக்கே ஒட்டிக்கிச்சும்மா" என்றேன்.

"அட பாவிங்களா! பாசத்துல ஆறின டீயை வச்சு நான் என்ன பண்றது?" என்று சீப்பை எறிந்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தாட்சண்யமே இல்லாத ஆள் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க."

என் கைவசம் அப்படி ஒருவர் இருந்தார்.

சம்பந்தி வந்தார். தேநீரை முகர்ந்து, "பால்ல தண்ணி" என்றார். தங்கச்சி அதே கதையை வாசிக்கத் தொடங்கினாள். சூரியன் எட்டிப்பார்ப்பதற்குள் ஒரு வாய். பறவைகள் கூவியபோது ஒரு வாய். அன்பின் விளக்கம் வந்தபோது கோப்பை காலி.

"அங்க ஏன் சார் குடிச்சீங்க?" என்றாள் அவள்.

"காலையில சூரியன் வரும்னு எனக்குத் தெரியும்மா. அதுக்கு ஒரு பக்கமா?"

"சரி, கடைசியில?"

"அந்த ஆள் பெட்டியைத் தூக்கிட்டு வந்தப்பவே எனக்கு எல்லாம் புரிஞ்சுது. நீ திரும்பத் திரும்பச் சொன்னதும் சந்தேகம் வந்துடுச்சு."

அவள் கோபமாகப் பென்சிலை எடுத்தாள். வாரா வாரம் வந்தார் மனிதர். வாரா வாரம் கதை இளைத்தது. "கத்தரிச் சத்தத்துலயே பிரேக்கைப் போடு" என்றார் மாஸ்டர். "அந்த அம்மா கதையில வரவே வேணாம். பெட்டி போதும்" என்றார் அக்கா. நடுவில் ஓர் இடி மின்னலும் சிறு வெள்ளமும் வைக்கலாம் என்றேன் நான். ஒரு மனதாக நிராகரித்தார்கள். எதிர்க்கட்சி இல்லாத ஒரே தீர்மானம் அதுதான்.

கடைசித் தேதிக்கு முந்தின வாரம் முழுக்கதையையும் வாசித்தாள். அன்று தேநீரில் ஆவி பறந்தது. சம்பந்தி கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார். அதே நேரத்தில் பெட்டி திறந்தது. கை அங்கேயே நின்றது.

'நான் அந்த முடியைத் தாங்கியில் மாட்டி, தண்ணீர் தெளித்து, சீவினேன். பிறகு ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, வெறும் காற்றை வெட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் என்றார். வெட்டினேன்.'

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். வாயில் ஈ போனாலும் தெரியாத நிலையில் நான். சம்பந்தியின் கோப்பை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அவர் அதை விசித்திரமாகப் பார்த்து, ஒரு சொட்டும் குறையாமல் மேசையில் வைத்தார்.

"சார், டீ?" என்றாள் அவள் கண்ணாடி வழியாக.

"சர்க்கரை போதல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கெட்டது குடி! கதை உறைக்குள், ஒட்டப்படாமல், கத்தரித் தட்டுக்குக் கீழே கிடந்தது. நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். அவள் அசையவில்லை. "நீங்கல்லாம் என் ஆளுங்க. உங்க பேச்சு செல்லாது. அவருக்குச் சர்க்கரைதான் போதல."

கடைசி நாள் மதியம் சம்பந்தியைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே அழகுநிலையத்துக்குப் போனேன். தங்கச்சி ஒரு வாடிக்கையாளருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னிலையிலும் முழங்கினேன்: "தங்கச்சி, அன்னிக்கு இவர் டீ உறைஞ்சு ஐஸ் ஆயிடுச்சு! கோப்பையைக் கவுத்தா கட்டியா விழுந்திருக்கும்!"

"புளுகாதீங்க அண்ணா" என்று அவள் கத்தரியை நிறுத்தினாள். "சார், நீங்க சொல்லுங்க. சர்க்கரையா, கதையா?"

சம்பந்தி தொண்டையைச் செருமினார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே சந்தேகமாகப் பார்த்தார். "ஐஸ் எல்லாம் ஆகல. சம்பந்தி வாய்க்கு அளவுகோலே கிடையாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நான் ரெண்டு ஸ்பூன் போடுவேன். அன்னிக்கும் ரெண்டுதான். சர்க்கரை சரியாத்தான் இருந்திருக்கும். குடிச்சுப் பார்க்கவே இல்லையேம்மா."

தங்கச்சி, பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு உறையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த வாடிக்கையாளர் ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் பொறுமையாகக் காத்திருந்தார்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. எங்கள் தெருவில் அதை முதல் பரிசு என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் இப்போது அடுத்த கதையில் இருக்கிறாள். சம்பந்தி குழுவில் நிரந்தர உறுப்பினர். தானே ஒரு கதை எழுதிவந்து வாசித்தார். நாங்கள் மூன்று பாத்திரம் தேநீர் குடித்தோம்.

போன வாரம் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையை மறுபடி எடுத்துவிட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, போதும். டீ எப்படி ஐஸ் ஆகும்? மாமா, நீங்களே சொல்லுங்க."

சம்பந்தி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"ஐஸ்தாம்மா. தட்டிப் பார்த்தேன், ணங்குன்னு கேட்டுச்சு."