மூக்குக்குள் ஒரு கொழு

பாலோவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் கட்டுத்துணி அலசிய சந்தனசாமி, குளுவாங் டவுனில், நோயாளிகளுக்கு மருந்து கட்டும் டிரெஸர் வேலைக்கான பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்பது மரியாதைக்கு. நாற்காலிகளில் வெள்ளைக்கார டாக்டர் துரையும் பெரிய டிரெஸர் ராஜசேகரனும் இருந்தார்கள். ஸ்டூல் ஒன்று சும்மா கிடந்தது, சந்தனசாமி நின்றான். வயது முப்பத்தாறு. இதில் தோற்றால் மறுபடி கூப்பிடமாட்டார்கள், சாகும்வரை அலசல்தான்.

"மூஞ்சி எலும்பெல்லாம் சொல்லு," மேசைமேல் இருந்த மண்டையோட்டை அவன் பக்கம் தள்ளினார் ராஜசேகரன்.

சந்தனசாமிக்கு லத்தீன் பழக்கமானதே மாதாகோயிலில்தான். ஆகவே எலும்புகளின் லத்தீன் பேர்களைப் புனிதர்கள் மன்றாட்டு ராகத்தில் மனப்பாடம் செய்திருந்தான். மாக்ஸில்லா, மாண்டிபுலா என்று ஏறி, வோமரில் இறங்கியவன், பழக்க தோஷத்தில், மன்றாட்டில் ஒவ்வொரு புனிதர் பேருக்கும் பின்னால் வரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதையும் லத்தீனிலேயே சேர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

ராஜசேகரன் சிரித்ததில் மேசை ஆடியது. "மண்டையோடு மோட்சத்துக்கே போயிடும்லா. கிளிப்பிள்ளைக்கு எதுக்கு டிரெஸர் வேலை? ஒண்ணுக்காவது அர்த்தம் தெரியுமா?"

ராஜசேகரனின் பென்சில் பட்டியலில் அவன் பெயரை அடிக்கப் போனது. சந்தனசாமிக்கு வாய் அடங்கவில்லை.

"கடைசியா சொன்னதுக்குத் தெரியுங்க. வோமர்னா கலப்பையில மாட்டுற கொழு. பூசை வைக்க வர்ற சாமியார்கிட்ட கேட்டேன்."

"சாமியார் சொன்னதை ஒப்பிக்கிறே. அதுவும் கிளிதான்."

"நீங்க கொழு பாத்திருக்கீங்களா?"

சிங்கப்பூரில் பிறந்த ராஜசேகரன் கலப்பையையே பார்த்ததில்லை. சந்தனசாமி மண்டையோட்டைக் கவிழ்த்து, மூக்குக்கு நடுவே தடுப்பாக நின்ற மெல்லிய எலும்பைத் தொட்டான்.

"ஊர்லேருந்து கப்பலேறுற வரைக்கும் ஏர் பிடிச்சவன் நான். இதே வடிவம்தான். பேரு வச்ச படிப்பாளி, உழுறவனைப் பாத்துத்தான் வச்சிருக்கான். உங்க மூஞ்சிக்குள்ள ஒண்ணு இருக்கு, துரை மூஞ்சிக்குள்ளயும் இருக்கு. மத்த எலும்புக்கெல்லாம் நான் கிளியா இருந்துட்டுப் போறேங்க. இதுக்கு மட்டும் சொந்தக்காரன். பேரை அடிக்கணும்னா அடிங்க."

என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார். ராஜசேகரன் தன் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், தன்னைக் கேட்ட கேள்வி உட்பட, ஒன்றும் விடாமல் இங்கிலீஷில் சொன்னார்.

துரை மண்டையோட்டுக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டூலைக் காலால் நகர்த்தினார்.

"உட்காரச் சொல்றாரு," என்றார் ராஜசேகரன், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. "இன்னும் கை எலும்பு, கால் எலும்பு இருக்கு. ராகம் வேணாம்."