இடப்பக்கத்து ஸ்டீயரிங்

சௌந்தரவல்லிக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது என்பார் அவள் அப்பா ஆராவமுதன். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகப் பிரசவ ஆஸ்பத்திரி வைத்து, ஊரெல்லாம் டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் எடுத்து எடுத்து ஓய்ந்துபோனார்கள்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், மத்தியானத்துக்கு மேல் ராஜபாளையத்தில் இன்னொரு கிளினிக். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற சாலைதான் அவளுக்கு ஒவ்வொரு நாளும் பெரும்பாடு. அப்பாவின் பழைய அம்பாசிடரை ஐயாதுரை ஓட்டுவார். அவள் வயதுதான் இருக்கும் அவருக்கும். நிதானமான மனுஷர். வைக்கோல் வண்டி முன்னால் போனால் அதன் பின்னாலேயே போவார். பின்சீட்டில் சௌந்தரவல்லி இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக நகர்ந்துகொண்டே வருவாள். "முந்திப் போகலாமே ஐயாதுரை?" என்பாள். "போயிருவோம்மா" என்பார். போகமாட்டார்.

எண்பத்தெட்டில் அவள் தம்பி வேங்கடேசன் மஸ்கட் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திரும்பினான். கூடவே அங்கே வைத்திருந்த ஜப்பான் காரும் கப்பலில் வந்தது. மெட்ராஸில் அவன் சேர்ந்த கம்பெனி வேறு கார் கொடுத்துவிட்டதால், இதை அக்காவிடம் கொண்டுவந்து நிறுத்தினான். வெள்ளை நிறம். உள்ளே ஏசி. கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டியதில்லை. ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம் இருந்தது.

ஐயாதுரை காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"தரையோட தரையா கெடக்கே, தம்பி. நம்ம ஊரு ரோட்டுக்குத் தாங்குமா?"

"பாலைவனத்துல ஓடின வண்டி ஐயாதுரை. நாலு வருஷத்துல ஒரு நாள் நின்னதில்ல. உங்க அம்பாசிடர் வாரத்துக்கு ஒரு தரம் பானட்டத் தூக்கிண்டு நிக்கறதே?"

"நிக்கும். வயசாயிட்டுல்லா. ஆனா நின்ன எடத்துலயே சரி பண்ணிப்புடலாம். தளவாய்புரத்துல நின்னா தளவாய்புரத்துல ஆளு இருக்கு. இது நின்னுட்டுன்னா எந்த ஊருக்கு ஆளனுப்ப?"

"நின்னாத்தானே?" என்றான் வேங்கடேசன்.

சௌந்தரவல்லி இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் வைத்துத் தம்பி கற்றுக்கொடுத்தான். லைசென்ஸ் வாங்கினாள். பிறகு தனியாகவே ராஜபாளையம் போய்வர ஆரம்பித்தாள். முதலில் ஊரே நின்று பார்த்தது. வழக்கமாக டிரைவர் இருக்கிற பக்கம் சீட்டு காலியாக இருக்க, கார் மட்டும் சத்தமில்லாமல் வந்தது. கடைத்தெருவில் ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். சௌந்தரவல்லி சிரித்துக்கொண்டே போனாள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகவே காலை வேலையை வேகவேகமாக முடித்தாள்.

ஒரே ஒரு கஷ்டம். முன்னால் லாரி போனால் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எதிரே வருவது தெரியாது. அம்பாசிடரில் ஐயாதுரை போனதைவிட மெதுவாக இவள் பின்னாலேயே போகவேண்டியிருந்தது. அதுதான் அவளை அரித்தது.

ஐயாதுரைக்கு வேலை குறைந்துபோனது. ஆராவமுதனைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார், இரண்டு காரையும் துடைப்பார். ஜப்பான் காரைத் துடைக்கும்போது மட்டும் பேசமாட்டார்.

மறுவருஷம் ஆனி மாதம். காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஆலங்குளம் சிமென்ட் ஆலையிலிருந்து போன் வந்தது. அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி தங்கபாய்க்கு நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் பிழைத்ததே பெரிய விஷயம். இந்தத் தடவை நானே பார்க்கிறேன், பயப்படாதே என்று சௌந்தரவல்லி சொல்லி வைத்திருந்தாள்.

பையை எடுத்துக்கொண்டு அவள் இறங்கும்போது ஐயாதுரை அம்பாசிடர் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, அந்த ரோட்டுக்கு அந்த வண்டி ஆகாது. கல்லு லாரி ஓடி ஓடிக் குழியா கெடக்கு. இதுல ஏறுங்க, கொண்டு விட்டுருதேன்."

"நீங்க போற வேகத்துக்குப் பிள்ளைக்குப் பேரே வச்சிடுவாங்க" என்றாள் அவள்.

சொன்ன பிறகு சுருக்கென்றது. ஆனாலும் நிற்கவில்லை.

ராஜபாளையம் தாண்டி ஆலங்குளம் சாலையில் திரும்பியதும் முன்னால் ஒரு லாரி, சுண்ணாம்புக்கல் நிறைய. வெள்ளைப் புழுதி. வலப்பக்கம் ஏறிப் போகலாம் என்றால் எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்தாள். லாரிக்காரன் ஒதுங்கவில்லை. தங்கபாயின் முகம் மனசுக்குள் வந்து வந்து போனது. இடப்பக்கம் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஓரத்து மண்ணில் ஒரு கார் போகிற அளவு இடம் இருந்தது. இறக்கினாள். பாதி தாண்டும்போது, லாரியிலிருந்து எப்போதோ விழுந்து கிடந்த கல்லில் அடிப்பாகம் மோதியது. பல்லில் கல் கடிபட்டது மாதிரி உடம்பெல்லாம் கூசியது.

கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆயில் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் உடனே நிறுத்திவிடு என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நிறுத்தினால் இந்தப் பொட்டல்காட்டில் யார் வருவார்கள்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மிதித்தாள். என்ஜின் ஒரு தடவை முனகி நின்றது.

பின்னால் வந்தது அவள் முந்திய அதே லாரி. கை காட்டினாள். டிரைவர் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. தங்கபாய்க்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஊசி போட்டு, வயிற்றை அழுத்திப் பிடித்து, "ராஜபாளையம் கொண்டுபோகணும், வண்டி எங்கே?" என்று கத்தினாள். "உங்க காரு என்னாச்சும்மா?" என்று தங்கபாயின் கணவன் கேட்டான். அவள் நிமிராமல் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாள். ஆலையின் வேனில் இருந்த சாமான்களை இறக்கிவிட்டு, பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். வழியெல்லாம் முழங்காலிட்டபடி, வயிற்றில் வைத்த கையை எடுக்காமல் வந்தாள். தங்கபாய் பிழைத்துக்கொண்டாள். அது வேன் கிடைத்ததால்தான் என்பது சௌந்தரவல்லிக்குத் தெரியும்.

மாலையில் ஐயாதுரை அம்பாசிடரில் வந்து, கார் நின்றுபோன இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனார். இரண்டு காரையும் கயிற்றால் கட்டினார். ஜப்பான் காருக்கு யாராவது ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். அவளே உட்கார்ந்தாள். என்ஜின் ஓடாததால் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. பிரேக்கும் அப்படியே. ராஜபாளையம் கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, அம்பாசிடர் இழுத்த இழுப்புக்கு வந்தாள். 'அப்பவே சொன்னேன்ல' என்று ஐயாதுரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் சொல்லவே இல்லை.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஆயில் சேம்பர் கிழிஞ்சிட்டும்மா. அதோட விட்டிருந்தா ஒட்டிக் குடுத்துருப்பேன். ஆயில் இல்லாம ஓட்டிருக்கிய. என்ஜின் ஜாமாயிட்டு. இதுக்கு நம்ம பக்கம் சாமான் கெடைக்காது."

வேங்கடேசன் மெட்ராஸில் தேடினான், சிங்கப்பூரில் சொல்லி வைத்தான். மாதங்கள் ஓடின. கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. சௌந்தரவல்லி மறுபடியும் பின்சீட்டுக்கு வந்தாள். இப்போது முன்னைவிட மோசம். கை சும்மா இருக்க மறுத்தது. ஒருநாள் பாதி வழியில் இறங்கி பஸ் ஏறிப் போனாள். அன்று அப்பாவே கேட்டுவிட்டார். "என்னடி படுத்தல் இது? ஐயாதுரை என்ன நினைச்சுப்பான்?"

மறுநாள் ஐயாதுரையிடம் சொன்னாள். "எனக்கு இந்த வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுங்க."

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை பானட்டின் மேல் வைத்தார்.

"அந்த வண்டி வந்தப்பவே ஊருல கேட்டாக, உன் சோலி முடிஞ்சுதான்னு. அது நின்னுபோனப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான், மறைக்கல. இப்ப இதையும் நீங்களே ஓட்டுனா நான் எங்கம்மா போவேன்?"

அவள் பையை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். அதற்குப் பிறகு பல நாள், பிரசவ அறையில் நிற்கும்போதும் அந்தக் கேள்வி கூட நின்றது. சாலையெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். அவள் தவித்தது சத்தமில்லாத என்ஜினுக்காக இல்லை, ஏசிக்காகவும் இல்லை. யார் முதுகையும் பார்க்காமல் போகவேண்டும், அவ்வளவுதான். அதற்கு எந்த வண்டியாக இருந்தால் என்ன?

பொங்கல் முடிந்ததும் ஜப்பான் காரை ராஜபாளையத்து மில் முதலாளி சுப்புராஜுக்கு விற்றாள். அந்தப் பணத்தோடு ஆஸ்பத்திரிப் பணத்தையும் சேர்த்து ஒரு பழைய மெட்டடார் வேன் வாங்கினாள். பின்னால் பெஞ்சைக் கழற்றிக் கட்டில் போட்டாள். ஐயாதுரையைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

"சுத்துப்பட்டு ஊருலேர்ந்து யார் கூப்பிட்டாலும் இதுல போய்க் கூட்டிண்டு வரணும். இதுக்கு உங்க நிதானம்தான் வேணும். அன்னிக்கு நான் சொன்னது தப்பு ஐயாதுரை."

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டில இன்னும் செத்த இறுக்கி முடுக்கணும். குழியில ஆடும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்பாசிடரில் அவளை முன்னால் உட்கார வைத்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கை கியர் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உள்ளங்கை கொப்புளித்தது, தோள் வீங்கியது. ஊசி பிடிக்கிற கை நடுங்குகிறதே என்று நர்ஸ் பயந்தாள். சௌந்தரவல்லி விடவில்லை.

சுப்புராஜ் அந்த வெள்ளைக் காருக்கு உள்ளூர் டீசல் என்ஜின் மாட்டி ஓட்டுகிறார் என்று யாரோ சொன்னார்கள். தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்கிறதாம். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

சித்திரை வெயிலில் முதல்முறை தனியாக அம்பாசிடரை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் கிளம்பினாள். ரயில்வே கேட்டில் நின்று எடுக்கும்போது வண்டி அணைந்துவிட்டது. பின்னால் பஸ் அலறியது. டீக்கடையில் இருந்த நாலு பேர் யாரும் கூப்பிடாமலே வந்து தள்ளினார்கள். "ரெண்டாவது கியர்ல போட்டு விடுங்கம்மா!" வண்டி உதறி எழுந்து ஓடியது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை ஒழியவில்லை.

கிளினிக் வாசல் வந்தது. உள்ளே பெஞ்சு நிறையப் பெண்கள் காத்திருந்தார்கள். அவள் செத்த நேரம் என்ஜினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.