ஆடியில் ஒரு ஜோடிப் படம்

ஆடி பிறந்தால் திண்டிவனத்தில் என் ஸ்டுடியோ பக்கம் ஈ காக்கை வராது. கல்யாணமே நடக்காத மாதத்தில் கல்யாண போட்டோகிராபருக்கு என்ன வேலை? அதனால்தான் மயிலத்திலிருந்து பாஞ்சாலியம்மா போன் செய்து, மகளையும் மருமகனையும் மரக்காணம் கடற்கரையில் படம் எடுக்க வேண்டும் என்றதும், எதுவும் கேட்காமல் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

விஷயம் கடற்கரைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. புதுப்பெண் வெண்ணிலாவை ஆடிக்குத் தாய்வீடு அழைத்து வந்துவிட்டார்கள். மாதம் முடியும்வரை புருஷனோடு சேரக் கூடாது. அவள் புருஷன் கோகுலகிருஷ்ணனோ மறுநாள் சிங்கப்பூர் கிளம்புகிறான். திரும்பி வர இரண்டு வருடம் ஆகும்.

“தனித்தனியா எடு பாப்பா. அப்பறம் கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கலாம்,” என்று இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டார் பாஞ்சாலியம்மா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “போட்டோ எடுத்தா புள்ள பொறக்காதும்மா.”

“சித்திரை வெயில்ல புள்ள பெத்துப் பாரு, தெரியும். இவள அப்பிடித்தான் பெத்தேன்.”

வெண்ணிலா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மருமகன் அவசரமாகக் கடலைப் பார்த்தான்.

கரையில் ஆளே இல்லை. ஆடிக்காற்று மணலை வாரி லென்ஸில் அடித்தது. அவ்வளவு பெரிய கடற்கரையில் இருந்ததே நாங்கள் நாலு பேர். அதிலும் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பாஞ்சாலியம்மா கேமராவை எட்டிப் பார்த்தார். “என்னா பாப்பா, எல்லாத்துலயும் எங்கியோ பாத்துக்கினு நிக்கிறாங்க?”

“எங்கியோ இல்லம்மா. அவரு அவங்களப் பாக்கறாரு, அவங்க அவரப் பாக்கறாங்க. நடுவுல நீங்க நிக்கிறீங்க.”

மகளின் படத்தை மட்டும் இன்னொரு முறை காட்டச் சொன்னார். காற்றில் கலைந்த முடிக்குள் வெண்ணிலாவின் கண்கள் நிறைந்திருந்தன. பாஞ்சாலியம்மா மூக்கை உறிஞ்சினார்.

“டீ குடிச்சா தேவல. வா, கடை இருக்கா பாத்துட்டு வரலாம்.”

ஆடியில் அந்தக் கரையில் ஒரு கடையும் திறந்திருக்காது. வரும்போது அதைச் சொல்லிச் சலித்துக்கொண்டவரே அவர்தான்.

“அப்போ ஜோடிப் படம்?” என்றேன்.

“கேமராவ மூடிட்டு வா. மெதுவா நட.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்தக் காற்றிலும் வெண்ணிலா சிரிப்பது கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.