எந்த அண்ணாச்சி

தென்றல் வேலை பார்த்த நாளிதழில் பகுதி நிருபருக்குச் சம்பளம் கிடையாது. கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டை உண்டு, விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. ஒரகடம் பக்கம் விளம்பரம் கொடுக்கக்கூடிய பெரிய மனிதர்கள் எல்லாருமே செய்தியில் அடிபட வேண்டியவர்களாகவும் இருந்து தொலைத்ததால், அந்தக் கமிஷனும் அவளுக்கு வந்ததில்லை.

"இன்னாத்துக்குடி இந்த வெட்டி வேல? கம்பெனிக்குப் போனா பஸ்ஸு, சோறு, பி.எஃப். எல்லாம் குடுக்கறான். நீ இன்னாடான்னா வண்டிக்கு பெட்ரோல் போட எங்கிட்ட கைய நீட்டிக்கினு நிக்கற" என்று மண்ணூர் வீட்டில் அம்மா சுந்தராம்பாள் தினமும் அர்ச்சனை செய்வாள். தென்றல் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். இருபத்து மூன்று வயது. எழுதினால் ஏதாவது நடக்கும் என்று நம்புகிற வயது.

விஷயம் இதுதான். தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல்களின் கக்கூஸ் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கிளம்பும் லாரிகள், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் நேராகச் சாலையோர ஏரிக்குப் போய் வயிற்றைக் காலி செய்துவிட்டு வந்தன. ஊராட்சிக்குத் தெரியும். போலீஸுக்குத் தெரியும். மூக்கு என்று ஒன்று இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் வாயைத் திறந்தவள் பாண்டிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் லைனில் வேலை, ஏரிக்கு எதிரே ஹாஸ்டலில் வாசம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம் அந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறாள். கூட இருந்த பெண்களுக்கு மஞ்சள் காமாலை வந்து, ஒருத்தி ஊருக்குப் பிணமாகப் போன பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சிதான்க்கா கரையில நிப்பாவ. பக்கத்துலயே போலீஸ் ஜீப்பும் நிக்கும். அவிய கையக் காட்டுனாத்தான் லாரிக்காரன் தெறந்து விடுவான். எம்பேரு மட்டும் வெளிய வந்துரக் கூடாதுக்கா. ஹாஸ்டல விட்டுத் தூக்கிட்டாவன்னா வேலையும் போயிரும், எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

"சத்தியமா வராது" என்றாள் தென்றல்.

எந்த அண்ணாச்சி என்று அவள் கேட்கவில்லை. மண்ணூரில் பிறந்தவளுக்கு அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். சென்னையிலிருந்து இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான். அந்த ஏரிக்கரையிலோ ஒரே ஒரு மளிகைக் கடை, அதில் ஒரே ஓர் அண்ணாச்சி, நெல்லையப்பன். லாரிக்காரர்கள் பீடி வாங்குவதும் அவர் கடையில்தான். இதற்கு மேல் என்ன கேட்பது?

ஆனாலும் நேரில் போய் விசாரித்தாள், அதை மறைக்கக் கூடாது. நெல்லையப்பன் பருப்பு நிறுத்துக்கொண்டே, "ஊர் சோலி நமக்கு எதுக்கும்மா? என்ன வேணும், சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயந்தவன் முகத்துக்கும் திருடன் முகத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆள் மாட்டிக்கொண்டான் என்று மனசுக்குள் குதித்தபடியே வண்டியைக் கிளப்பினாள்.

செய்தி வந்தது. 'ஏரியில் கழிவுநீர்: பின்னணியில் மளிகைக் கடை அண்ணாச்சி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே 'நமது நிருபர்'. போலீஸ் ஜீப் காவல் நின்றது, ஊராட்சி கண்ணை மூடிக்கொண்டது என்று அவள் எழுதிய பத்திகள் இடம் இல்லாமல் போயிருந்தன. பக்கத்திலேயே ஒரு ரியல் எஸ்டேட் விளம்பரத்துக்கு இடம் இருந்தது.

போலீஸ் அன்றைக்குக் காட்டிய சுறுசுறுப்பை அந்த வட்டாரம் அதற்கு முன் கண்டதில்லை. மத்தியானத்துக்குள் நெல்லையப்பனைத் தூக்கிவிட்டார்கள். ஊராட்சி ஆட்கள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். 'எஸ்.ஐ. மகாராஜா தலைமையிலான போலீஸார் அதிரடி' என்று படத்தோடு வாட்ஸப்பில் வந்தது. செய்தி ஆசிரியர் ரகுபதி போனில் பூரித்துப் போனார். "நாளைக்கு 'நமது செய்தி எதிரொலி'ன்னு போட்றோம்மா. கலக்கிட்ட போ."

அடுத்த அழைப்பு பாண்டிச்செல்வியுடையது. அழுதுகொண்டே பேசினாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய? கடைக்காரவியள நாங்க மாமான்னுல்லா கூப்பிடுவோம். நான் சொன்னது எஸ்.ஐ. அண்ணாச்சியக்கா. ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம், 'நானும் பாளையங்கோட்டைக்காரந்தான், சாருன்னு கூப்பிடாதிய, அண்ணாச்சின்னு கூப்பிடுங்க'ன்னு அவியதான சொன்னாவ!"

தெற்கத்திக்காரர்களுக்கு வயதில் மூத்த மரியாதைப்பட்ட எந்த ஆணும் அண்ணாச்சிதான். தென்றலோடு கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். அவளுக்குத் தெரியாததா இது? தெரியும். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவளைக் கொன்றது.

நடந்ததைச் சொல்லித் திருத்தம் போடச் சொல்லி ரகுபதிக்குப் போன் போட்டாள். "கடைக்காரர் இல்லன்னு போட்டா, அப்ப யாருன்னு கேப்பாங்க. சாட்சி பேர் இல்லாம எஸ்.ஐ. பேரப் போடச் சொல்றியா? பேப்பரையே இழுத்து மூடிட்டுப் போயிடலாம்" என்று வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் நேரே ஸ்டேஷனுக்குப் போனாள்.

மகாராஜா நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். "உன்ன மாதிரி நாலு பிள்ளைய இருந்தா ஊரு சுத்தமாயிரும்மா."

"சார், நான் எழுதனது தப்பு. அவுரு இல்ல சார் அது."

"அப்படியா? அப்ப யாரு?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் பார்த்தார். சிரிப்பு மாறவில்லை.

"எனக்குச் சொன்னவங்க அவுர சொல்லல சார்."

"சொன்னது யாரு? பேரச் சொல்லும்மா, இப்பவே கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கிருவோம். அந்த ஆளு வந்து 'இவர் இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நெல்லையப்பன் வீட்டுக்குப் போயிரலாம்." பேனாவின் மூடியைக் கழற்றினார். "ஹாஸ்டல் பிள்ளையா?"

ஒரு பேர். அதைச் சொன்னால் அந்தப் பக்கம் ஓர் ஆள் வெளியே வருவார், இந்தப் பக்கம் ஒருத்தி இவர் கையில் சிக்குவாள்.

"பேரு தெரியாது சார்."

"பேரு தெரியாத ஆளு சொன்னதையா பேப்பர்ல போட்ட?" மூடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அண்ணாச்சின்னு எழுதுன. அண்ணாச்சியப் புடிச்சோம். இங்க வேற எந்த அண்ணாச்சிம்மா இருக்கான்? டீ ஆறுது, குடி."

அவள் குடிக்காமல் எழுந்து வந்தாள். தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

வாசலில் வேப்ப மரத்தடியில் தூக்குச்சட்டியோடு ஓர் அம்மாள் நின்றிருந்தாள். நெல்லையப்பனின் மனைவி கனகலட்சுமி. அடையாள அட்டையைப் பார்த்ததும் ஓடி வந்து தென்றலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்க்காரப் பிள்ளையா நீ? எந்தப் பாவியோ எங்க வீட்டு ஆளப் பத்தி இல்லாததும் பொல்லாததும் எழுதிட்டாம்மா. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாவளாம். நீயாச்சும் உள்ளத எழுதும்மா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். நிருபர்கள் தினமும் ஆட்டுகிற தலைதான். அவளால் முடியவில்லை.

"நான்தாம்மா எழுதனேன்."

கனகலட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகும் பிடித்த கையை விடவில்லை. இன்னும் இறுக்கினாள்.

"சரி, எழுதிட்ட. தெரியாம எழுதிட்ட. நீ எழுதுனதுதான, நீயே மாத்தி எழுதிரலாம்லா?"

"முடியாதும்மா."

"ஏன் முடியாது?"

பாண்டிச்செல்வியின் பேர் நாக்கு நுனி வரை வந்தது. தென்றல் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. உள்ளேயிருந்து நெல்லையப்பனைக் கூட்டிவந்து ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஜீப் தண்டலம் பக்கம் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்ற கனகலட்சுமி, கையை உதறிவிட்டுக் கேட்டாள்.

"மாத்தி எழுத முடியாதுன்னா, பெறவு எதுக்குட்டி எழுதுன?"