மிஷின் போட்ட மார்க்கு

"எட்டாம் வகுப்பாம்!" மேலதிகாரி விஸ்வேஸ்வரன் கம்ப்யூட்டர் காகிதத்தை நாகலக்ஷ்மியின் மேஜைமேல் போட்டார். "பூச்சிமருந்து நோட்டீஸை எட்டாவது படிச்சவன்தான் வாசிக்க முடியுமாம். நம்ம விவசாயிகள்ல எவன்மா எட்டாவது தாண்டினான்? நாலுக்குக் கொண்டு வாங்கோ. இன்னிக்கே!"

வருஷம் 1984. மதுரையில் விவசாய நோட்டீஸ்கள் எழுதும் ஆபீஸ் அது. நோட்டீஸ் எந்த வகுப்புக்குப் புரியும் என்று மார்க்குப் போடும் காலேஜ் கம்ப்யூட்டருக்கு எழுத்தையும் சொல்லையும் எண்ண மட்டும்தான் தெரியும். சொல்லும் வாக்கியமும் நீண்டால் கஷ்டம் என்று வகுப்பை ஏற்றிவிடும்.

நாகலக்ஷ்மி நாலு வருஷமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு, கையெழுத்து இல்லாமல் அவருடைய டிராயரில் கிடந்தது.

வெட்டினாள். ஆறு வந்தது. இன்னும் வெட்டினாள். ஐந்து. ஐந்து மணிக்கு மிஷின் அறையைப் பூட்டிவிடுவார்கள். மிச்சம் இருந்ததில் நீளமானது ஒன்றுதான்: மருந்தடித்த பத்து நாட்களுக்குள் காய்களைப் பறித்துச் சமைப்பது உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும். காலையில் சுருக்கமாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதையும் வெட்டினாள்.

நாலு!

காலையில் நோட்டீஸ் அச்சுக்குப் போயிருந்தது. ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள். "மிஷின் பாஸ் பண்ணினதுல கை வைக்கப்படாது" என்றார் விஸ்வேஸ்வரன். கூடவே, கையெழுத்திட்ட உத்தரவை நீட்டினார். நாகலக்ஷ்மி அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து கீழக்குயில்குடியிலிருந்து கருத்தக்கண்ணன் என்ற விவசாயி வந்தான். கையில் அதே நோட்டீஸ்.

"முதியோர் வகுப்புல படிச்சேன் தாயி. நானா வாசிச்ச மொதக் காயிதம் இதுதான். மூஞ்சில துணி கட்டுனேன். காத்துக்கு எதுக்க அடிக்கல. சோப்புப் போட்டுக் கை கழுவுனேன். மறுநா எம் பொண்டாட்டி சீனியம்மா கத்தரிக்கா பறிச்சுக் கொழம்பு வச்சுத் தின்னா. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாரதுக்குள்ள போயிட்டா. அம்புட்டுக் கவனமா வாசிச்சேனே... எந்த வரியத் தப்பா வாசிச்சேன்னு சொல்லுங்க."

"எங்கே, வாசிய்யா பார்ப்போம்" என்றார் விஸ்வேஸ்வரன்.

விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தான்.

"ஒரு இடத்துலகூடத் திக்கலையே! மிஷின் போட்ட மார்க்கு ரொம்பச் சரி. ரிப்போர்ட்ல எழுதிக்கோங்கோ, நாகலக்ஷ்மி."

கருத்தக்கண்ணன் அவளையே பார்த்தான். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

"சரியாத்தாண்ணே வாசிச்சீங்க" என்றாள்.

"அப்ப எனக்கு வெளங்குனதுலதான் கோளாறு." நோட்டீஸை நாலாய் மடித்து மடியில் செருகினான். "மறுபடி மொதல்லருந்து படிக்கிறேன் தாயி. வாரேன்."

நாகலக்ஷ்மி ரிப்போர்ட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.