தானாக நகரும் அம்பு

பாப்பாவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான். அலுவலகத்தில் அவளுக்கு வேறு பெயர். ஒரு பெரிய நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் வைரஸும் திருடர்களும் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை என்பதால், அங்கே இருந்த இளசுகள் அவள் முதுகுக்குப் பின்னால் ‘வாட்ச்மேன் அக்கா’ என்பார்கள். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு. ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டவர்களை அவள் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கிற கேள்வியில் பெரிய பெரிய மேனேஜர்களே நெளிவார்கள்.

அப்பா காலமெல்லாம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வேலையை விட்டு வீட்டோடு இருந்தபோது, பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும் என்ற நிலை. அம்மா இருந்தவரை அம்மா கத்தினாள். அம்மா போன பிறகு கத்துவதற்கு ஆள் இல்லை. காதில் மாட்டும் மெஷினோடு போனை எடுத்தால் அது கீச்சென்று அலறும். இவர் பதிலுக்கு அலறுவார். இரண்டு பக்கமும் அலறிவிட்டு, ஒன்றும் புரியாமல் வைத்துவிடுவார்கள். செல்போனில் எழுதலாமே என்றால், அவர் விரல் ஒன்றை வைத்தால் மூன்று எழுத்து விழும்.

அதற்குத்தான் பாப்பா அந்த ஏற்பாட்டைச் செய்தாள். தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னறையில் வைத்து, கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டி, தூரத்தில் இருந்தபடியே அதற்குள் நுழைகிற ஒரு புரோகிராமையும் போட்டாள். அவள் இருந்த நகரம் ரயிலில் ஒரு பகல் தூரம். அங்கே அவள் மவுஸை நகர்த்தினால் இங்கே அப்பாவின் திரையில் அம்பு தானாக நகரும். நோட்பேடைத் திறந்து அவள் ஒரு வரி எழுதுவாள். அதற்குக் கீழே அப்பா ஒரு வரி எழுதுவார். பேசி முடித்ததும் அதை மூடிவிடுவார்கள். சேமித்து வைக்கவெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. முதல் நாள் அம்பு தானாக நகர்ந்ததைப் பார்த்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டவர், ஒரு வாரத்திற்குள் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு அதன் முன்னால் உட்கார ஆரம்பித்துவிட்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. அவள் நுழைகிற ஒவ்வொரு முறையும் ‘அனுமதிக்கலாமா’ என்று கேட்டுத் திரையில் ஒரு பெட்டி எழும்பும். அப்பா அதை ஏதோ கோளாறு என்று நினைத்து மூடிவிடுவார். ஒரு மீட்டிங்குக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவில் ஓடிவந்து உட்கார்ந்திருக்கும் பாப்பாவுக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஒரு நாள் அந்தப் பெட்டியே வராதபடி செய்துவிட்டு, கேட்காமலே உள்ளே போக ஒரு நிரந்தர பாஸ்வேர்டு போட்டாள். புதிதாக ஒன்றை யோசிக்க அன்றைக்குப் பொறுமை இல்லை. எப்போதோ ஒரு செருப்புக் கடை வெப்சைட்டில் வைத்திருந்த பழைய பாஸ்வேர்டையே போட்டாள். இதையே அலுவலகத்தில் வேறு யாராவது செய்திருந்தால் தோலை உரித்திருப்பாள்.

ஆரம்பத்தில் தினமும் போனாள். அப்பா ஒற்றை விரலால் தட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் இவள் டீ போட்டுக் குடித்துவிடலாம். அதிலும் ஒரு சுகம் இருந்தது. பிறகு அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் பாதி வரியில் இருக்கும்போதே இவள் ‘சரிப்பா, வேலை இருக்கு’ என்று போட ஆரம்பித்தாள். பிறகு வெறும் ‘ம்’. பிறகு அதுவும் இல்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மாதங்கள் ஓடிவிட்டன. ஏன் வரவில்லை என்று அப்பாவும் ஆள் மூலமாகக் கூடக் கேட்டு அனுப்பவில்லை. உண்மையைச் சொன்னால், அது அவளுக்கு வசதியாகவே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் அத்தை போன் செய்தாள். அப்பாவின் தங்கை, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள்.

“உங்கப்பா பழைய போட்டோன்னு ஏதோ மெயில் அனுப்பிச்சிருந்தாரு. ஆசையா திறந்தேன். என் கம்ப்யூட்டரே படுத்துடுச்சு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் போயிருக்காம். அவருக்கு இதெல்லாம் அனுப்பத் தெரியுமா?”

தெரியாது. அவர் பெயரில் வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று பாப்பாவுக்குப் புரிந்தது. உடனே தூரத்திலிருந்தே உள்ளே நுழையப் போனவள் பாதியில் கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே ஆள் இருந்தால் உஷாராகி, தடயத்தை அழித்துவிட்டுப் போய்விடுவான். கம்ப்யூட்டரை அணைத்து வையுங்கள் என்று சொல்லலாம் என்றால், போனில் அப்பாவுக்குக் கேட்காது. லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

கதவைத் திறந்த அப்பாவின் முகம் அவளைப் பார்த்ததும் விரிந்தது. காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், “நேர்லயே வந்துட்டியா? நேத்து சொல்லவே இல்லையே?” என்றார்.

நேற்று எங்கே பேசினோம் என்று அவள் அவர் காதருகே குனிந்து கேட்டாள். சாயங்காலம் வந்தாயே, ரொம்ப நேரம் இருந்தாயே என்றார். வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்றுதான் பாப்பா முதலில் நினைத்தாள். பாவம், தனியாக இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டார் என்று மனசு இளகியது. அப்பா டீ கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்பேடு திறந்தே இருந்தது.

“ஒண்ணு சொல்லணும் பாப்பா. இப்பல்லாம் நீ ரொம்பப் பொறுமையா இருக்கே. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அம்பு அசையாம நிக்குது. முன்னெல்லாம் பாதியிலேயே ஓடிடுவே. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?”

பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருப்பவன் ஃபைல்களை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். அது முடிகிற வரை அவனுக்கு வேறு வேலை இல்லை. அதனால் காத்திருந்திருக்கிறான். கிழவர் சந்தேகப்பட்டு கம்ப்யூட்டரை அணைத்துவிடாமல் இருக்க அவ்வப்போது ஏதோ எழுதியும் இருக்கிறான். இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா, ஏதோ வைரஸ் என்று மட்டும் சொல்லி மூடிவிடலாமா என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூடிவிடலாம் என்றே முடிவு செய்தாள்.

அந்த நேரத்தில் திரையில் அம்பு நகர்ந்தது.

அப்பா அம்பைப் பார்த்தார். வழக்கம்போல அவர் முதுகு நிமிர்ந்தது, முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். இரண்டு கைகளும் டீ டம்ளரைப் பிடித்திருந்தன. திரும்பவும் திரையைப் பார்த்தார். அம்பு நோட்பேடுக்குள் வந்து நின்றது. அங்கே ஓர் எழுத்து விழுந்தது.

‘ம்’

பாப்பா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பாய்ந்து போய் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாள். அம்பு இருந்த இடத்திலேயே நின்றது. அப்பாவின் பக்கம் திரும்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பியபோது அவர் இன்னும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இத்தனை நாளா வந்தது நீ இல்லையா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஒரு திருடன் என்று உதட்டை அசைத்துக் காட்டினாள். உங்களுக்கு ஒரு நாளும் சந்தேகமே வரவில்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. அலுவலகப் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

அப்பா அவளைக் குற்றம் சொல்லுகிற மாதிரி எல்லாம் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

“நீயும் அப்படித்தானே எழுதுவே, பாப்பா.”

சொல்லிவிட்டு எழுந்து போய், காதில் இருந்த மெஷினைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்து மூடினார். அதன் பிறகு அன்றைக்கு அவர் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

பாப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் வேலைதான். வேலையில் இறங்கினாள். அவன் விட்டுவைத்திருந்த கள்ளப் புரோகிராம்களைக் கண்டுபிடித்தாள். அப்பாவுக்காக அவள் தொடங்கிக் கொடுத்திருந்த மெயிலிலிருந்து அடையாள அட்டைகளின் நகல்கள் போயிருந்தன, குடும்பப் படங்கள் போயிருந்தன. அந்தச் செருப்புக் கடையின் பாஸ்வேர்டுகள் எப்போதோ திருடு போய், இணையத்தில் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளும்படி கிடந்திருக்கின்றன. அதில் அவளுடையதும் இருந்தது. கதவைப் பூட்டாமல் விட்டவள் அவள்தான். கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள். அவன் எந்தெந்த நேரத்தில் வருவான், எதையாவது திறக்கச் சொன்னானா, வேறு பாஸ்வேர்டு ஏதாவது கேட்டானா என்று ஒரு காகிதத்தில் எழுதி எழுதிக் காட்டி அப்பாவைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவனிடம் என்னவெல்லாம் பேசினீர்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரே ஒரு முறை அவராகவே பேசினார். அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“அவ்வளவும் அவன்கிட்டயா சொன்னேன்?”

பாப்பா கீபோர்டைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டே அழுதாள், அவருக்குத்தான் கேட்காதே.

கிளம்புவதற்கு முன் அவருக்குப் பாடம் நடத்தினாள். இனிமேல் அந்தப் பெட்டி எழும்பும், நீங்கள் அனுமதித்தால்தான் யாரும் உள்ளே வர முடியும் என்று எழுதிக் காட்டினாள். வந்த பிறகும் நம்பக் கூடாது. திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் வந்தவன் வெளியே போய்விடுவான். அப்பா பெட்டியை அனுமதிக்கவும் சிவப்பை அழுத்தவும் திரும்பத் திரும்பப் பழகிக் காட்டினார். பட்டறையில் புது மெஷின் வந்தால் அவர் அப்படித்தான் பழகியிருப்பார். கடைசியாக அவள் காகிதத்தில் எழுதினாள்: ‘உள்ளே வர்றது நான்தானான்னு தெரிஞ்சிக்க ஒரு கேள்வி கேளுங்க. எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயமா இருக்கணும். பதில் தப்பா வந்தா சிவப்பை அழுத்திடுங்க.’

அப்பா அதை இரண்டு தடவை படித்தார். நமக்கு மட்டும் தெரிந்த விஷயமா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். சரி என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் பாப்பா தினமும் முயற்சி செய்தாள். அந்தப் புரோகிராமில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புள்ளி சாம்பல் நிறத்திலேயே இருந்தது. அவர் கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. அலுவலகத்தில் யாரிடமும் அவள் குரல் உயர்த்தவில்லை. ‘வாட்ச்மேன் அக்காவுக்கு என்ன ஆச்சு’ என்று இளசுகள் கிசுகிசுத்தார்கள். மீட்டிங் நடுவில் கூடப் புரோகிராமைத் திறந்து திறந்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள். அவர் இனி போடவே மாட்டார் என்று அவள் மனசு விட்டுப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பச்சையானது.

உள்ளே வர அனுமதி கேட்டு அனுப்பினாள். அங்கே பெட்டி எழும்பியிருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அனுமதி வரவில்லை. மூடவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அப்பாவின் திரை அவள் முன்னால் திறந்தது. நோட்பேடு தயாராக இருந்தது.

‘அப்பா, நான்தான்’ என்று எழுதினாள்.

கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் ஒன்று தப்பாகி, அழிந்து, மறுபடி வந்தது. அவள் அம்பை அசைக்காமல் காத்திருந்தாள்.

‘போன மாசம் நான் எங்க விழுந்தேன்?’

பாப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். விழுந்தாரா? எப்போது? யார் தூக்கினார்கள்? அத்தனை மணி நேரம் அந்த வீட்டில் இருந்தாளே, அவர் நடந்ததை அவள் பார்த்தாளா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு அந்தத் திரை மட்டும்தான் நினைவுக்கு வந்தது. குளியலறை என்று எழுதலாம். வாசற்படி என்று எழுதலாம். வயதானவர்கள் விழுகிற இடங்கள் என்ன பெரிய ரகசியமா? ஒரு திருடன் அப்படித்தான் ஊகித்து எழுதுவான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா மவுஸை நகர்த்தினார். அம்பு மெதுவாக ஏறிப் போய் அந்தச் சிவப்புப் பொத்தானின் மேல் நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

‘தெரியலப்பா.’

அம்பு அசையவில்லை. அவர் அழுத்திவிடுவார் என்று தெரிந்தும் அவள் வேறு எதுவும் எழுதவில்லை. பிறகு அம்பு அங்கிருந்து இறங்கி நோட்பேடுக்கு வந்தது. அந்தத் தடித்த விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துவது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

‘அவனுக்குத் தெரியும். தெரியலன்னா நீதான் பாப்பா.’