தொட்டால் சிவக்கிற வளையம்

கம்பெனியில் அவரை விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு வைத்த பெயரில்லை. கை கழுவும் குழாயை முழங்காலால் திறக்க ஓர் ஏற்பாடு செய்து, அதை முதலாளியிடமே சோதித்துக் காட்டி, முதலாளியின் பேன்ட்டைத் தொப்பலாக நனைத்த அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

ஆனால் இந்தத் தடவை அவர் செய்தது விளையாட்டுச் சமாச்சாரமில்லை. சலைன் பையிலிருந்து இறங்குகிற குழாயும் நோயாளியின் கைக்குப் போகிற குழாயும் சேரும் இடத்தில் ஒரு கனெக்டர் இருக்கும். அதன் வாயில் யாராவது விரலை வைத்துவிட்டால் போச்சு, விரலிலிருக்கும் கிருமியெல்லாம் குடும்பத்தோடு உள்ளே குடியேறிவிடும். யார் வைத்த விரல் என்று எந்தக் கனெக்டரும் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. விஞ்ஞானியின் கனெக்டர் சொல்லும். அதன் வாயைச் சுற்றி ஒரு நீல வளையம். தோலின் வியர்வை பொட்டளவு பட்டாலும் சிவந்துவிடும். சுத்தமான கையுறை என்றால் பேசாமல் இருக்கும். அதே கையுறையால் மூக்கைச் சொறிந்துவிட்டு வந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. எதையும் தொட்டுப் பார்க்காமல் அவரால் நம்ப முடியாது. அடுப்பில் இருப்பது கொதிக்கிறதா என்று பார்க்க மூடியைத் தூக்குவார், சுட்டுக்கொள்வார், அப்புறம் பக்கத்து மூடியையும் தூக்குவார்.

"ஏங்க, கண்ணு முகத்துலதானே இருக்கு? விரல் நுனியிலயா முளைச்சிருக்கு?" என்று மனைவி கேட்காத நாளில்லை.

ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் முன்னால் கனெக்டரைச் செய்து காட்ட நாள் குறித்தாகிவிட்டது. அந்த அம்மாள் வராந்தாவில் நடந்து வந்தால் பெரிய டாக்டர்களே ஓரமாக ஒதுங்குவார்கள். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "அவங்க சரின்னா நாம தயாரிக்கிறோம். வேணாம்னா இதை மூட்டை கட்டிட்டு, நீங்க மறுபடி வெந்நீர்ப் பைக்கு மூடி டிசைன் பண்ணப் போங்க."

துணைக்கு வந்தவன் மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் தரம் பார்க்கிறவன். பயிற்சி அறையில் ஒரு காலிக் கட்டில், அதன்மேல் ஒரு ரப்பர் கை, பக்கத்தில் தட்டு. மச்சினன் கையுறை மாட்டிக்கொண்டு கனெக்டர்களைத் தட்டில் வரிசையாக அடுக்கினான். எல்லாம் நீலம். தலைமை நர்ஸும் இரண்டு நர்ஸ்களும் எதிரில் நின்றார்கள்.

விஞ்ஞானி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிஸ்டர், குழாய் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஆபத்து ஒரே இடத்துலதான். இதோ, இங்க." ஆள்காட்டி விரலால் ஒரு கனெக்டரின் வாயில் டொக்கென்று தட்டினார். "இந்த இடத்தை மட்டும் யாரும் தொடவே கூடாது."

நிமிர்ந்து எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குனிந்தார். வளையம் ரத்தச் சிவப்பில் இருந்தது.

"யாரு தொட்டது?" என்று அலறினார்.

நர்ஸ்கள் இரண்டு பேரும் கைதிகள் மாதிரிக் கையுறைக் கைகளை உயர்த்தினார்கள்.

"மாமா..." என்றான் மச்சினன்.

"நீ பேசாதே மாப்ள! அடுக்கினது நீதானே? வழியில மூக்கைச் சொறிஞ்சியா, உண்மையைச் சொல்லு!"

"என் மூக்கை விடுங்க மாமா, நீங்க..."

"குறுக்கப் பேசாதே!"

தலைமை நர்ஸ் புருவத்தைத் தூக்கினார். "தானாவே சிவக்குதோ? அப்படின்னா எனக்கு வேணாம் சார். வார்டுல நல்லதையெல்லாம் நாங்க குப்பையில போட்டுக்கிட்டே இருக்கணும்."

விஞ்ஞானிக்கு வரிசை வரிசையாக வெந்நீர்ப் பைகள் கண்முன்னால் ஆடின. "தானா சிவக்காது சிஸ்டர்! இதைப் பாருங்க, எவ்வளவு அழகா நீலமா..." என்று அடுத்ததை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். நீட்டுகிற வழியிலேயே அது சிவந்தது. பதறிப்போய் அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதுவும் சிவந்தது. "ஐயோ, தொத்து வியாதி மாதிரி பரவுதே!" என்று நாலாவதைக் காப்பாற்றப் பாய்ந்தார்.

தலைமை நர்ஸ் தட்டையே தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். "சார், அப்படியே நில்லுங்க. ரெண்டு கையையும் காட்டுங்க."

காட்டினார். வெறுங்கை. எழுதப் படிக்கத் தெரிந்த, கல்யாணமான, தலை நரைத்த ஒரு மனிதனின் முழுசான வெறுங்கை. அதை அவரும் அப்போதுதான் பார்த்தார்.

"அதைத்தான் மாமா அப்பவே சொல்ல வந்தேன்" என்றான் மச்சினன்.

சிரிப்பை அடக்கப்போய் ஒரு நர்ஸுக்கு விக்கலே வந்துவிட்டது. தலைமை நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. மிஞ்சிய கனெக்டர் ஒன்றை அந்த விக்கல் நர்ஸிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். நீலம். மூக்கைத் தேய்த்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொன்னார். சிவப்பு.

"சார், இத்தனை வருஷத்துல நான் பார்த்த சாமானெல்லாம் ஒழுங்கான கையிலதான் ஒழுங்கா வேலை செஞ்சுது. உங்க கை மாதிரி ஒரு கையைப் பிடிச்சுக் கொடுத்தது இது ஒண்ணுதான். எடுத்துக்கறேன்."

விஞ்ஞானி ஆனந்தத்தில் தட்டை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றார் அந்த அம்மாள். "நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம்."

அன்று மத்தியானமே மேலிடத்தில் கேட்டு, வயசான ஒருவரின் குழாயில் முதல் கனெக்டரைப் பொருத்தினார்கள். வார்டுக்கு வெளியே கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு விஞ்ஞானி நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று மச்சினன் அவருடைய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கெட்டியாகப் பிடித்திருந்தான். நர்ஸ் மாட்டினாள். சொட்டு இறங்கியது. வளையம் நீலமாகவே இருந்தது. பெரியவர் கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்தார்.

விஞ்ஞானிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கையை விடு மாப்ள, கண்ணைத் துடைச்சுக்கறேன்."

"வேணாம் மாமா" என்றான் மச்சினன். ஒரு கையால் அவரை இறுக்கிப் பிடித்தபடியே, இன்னொரு கையால் தன் கைக்குட்டையை எடுத்தான். "முகத்தை இப்படித் திருப்புங்க. நானே துடைச்சு விடறேன்."